மனநல கிளினிக்கில் முதல் நாள் என்ன நடக்கும்?

என் அம்மாவிடம் ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது. எண்பது பக்கக் கொப்பி, பழைய கலண்டர் தாளில் உறை போட்டது, மழையில் நனையாமல் இருக்க அதற்கு மேல் ஒரு சொப்பிங் பேக். முதல் பக்கத்தில் அவருடைய பெயர் சிங்களத்தில் இருந்தது. அதற்குக் கீழே தமிழில் நான் எழுதிச் சேர்த்தேன். அந்தக் கொப்பியில் முதல் வரி விழுவதற்கு ஒன்றரை வருடம் முன்பே அம்மாவுக்கு வருத்தம் தொடங்கிவிட்டது. இடைப்பட்ட காலம் வீணாய்ப் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் தடவையாக மனநல வைத்தியரிடம் போகப்போகிறவர்களுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். உள்ளே என்ன கேட்பார்கள், எதற்காகக் கேட்பார்கள் என்று எங்களுக்கு அன்று யாரும் சொல்லித்தரவில்லை.

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மனநல டொக்டர் என்றதும் வாயில் வருகிற ஊர் அங்கொடை. "ஒன்னய அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சண்டையில் ஏசிக்கொள்ளும். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் இன்று இயங்குவது தேசிய மனநல நிறுவகம். ஒரு காலத்தில் மனநோய்க்கு நல்ல வைத்தியம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போவதைத் தவிர வேறு வழி குறைவு என்பது உண்மைதான். 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை அதை மாற்றப் பார்த்தது. கொழும்பில் குவிந்து கிடந்த சேவையை மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொண்டுவர வேண்டும் என்பதே அதன் மையம். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் பதுளையிலும் கண்டியிலும் இன்று மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. ஆதார வைத்தியசாலைகள் பலவற்றில் மனநல வைத்திய அதிகாரி ஒருவர் குறிப்பிட்ட நாட்களில் கிளினிக் நடத்துகிறார். முதல் நாள் போகிறவர்களில் பெரும்பாலானோர் சீனி (நீரிழிவு) கிளினிக்குக்குப் போனவரைப் போலத்தான் வீடு திரும்புகிறார்கள்: கையில் ஒரு மருந்துப் பை, கொப்பியில் அடுத்த திகதி.

சரி, மனநல மதிப்பீடு என்றால் என்ன? சீனி வருத்தத்துக்கு இரத்தம் எடுத்து எண் பார்க்கலாம். பிரஷருக்குக் கையில் பட்டி கட்டிப் பார்க்கலாம். மனச்சோர்வுக்கோ, காரணமில்லாத பயத்துக்கோ, இல்லாத குரல் காதில் கேட்பதற்கோ அப்படி எண் காட்டும் கருவி கிடையாது. தலையை ஸ்கேன் பண்ணினாலும் துக்கம் படத்தில் விழாது. அதனால் இங்கே பேச்சுதான் சோதனை. நீங்கள் சொல்வது, சொல்லும் விதம், சொல்லாமல் விடுவது, கூட வந்தவர் சொல்வது, இவற்றை வைத்துத்தான் வைத்தியர் முடிவுக்கு வருகிறார். இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர் தன் இரத்தத்தைக் கொடுப்பது போல, இங்கே போகிறவர் தன் சொல்லைக் கொடுக்கிறார். அடுத்தவருடைய இரத்தத்தைக் கொடுத்தால் என்ன முடிவு வருமோ, அடுத்தவருடைய சொல்லைக் கொடுத்தாலும் அதே முடிவுதான் வரும்.

போகும் வழி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பக்கத்து வைத்தியசாலையின் ஓ.பி.டி.யிலோ (வெளிநோயாளர் பிரிவு) விஷயத்தைச் சொன்னால் கடிதம் எழுதி அனுப்புவார்கள். பிள்ளை பெற்ற பெண் என்றால் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 10 கேள்விகள் உள்ள எடின்பரோ அளவுகோல் என்ற தாள் ஒன்றே இருக்கிறது. அரச வைத்தியசாலையில் எல்லாம் இலவசம். கண்டியில் பணம் கட்டிச் சனல் பண்ணி, அதாவது தனியாராக, வைத்தியரைப் பார்க்கலாம், ஆனால் மாதாமாதம் போக வேண்டிய வருத்தத்துக்கு அந்தச் செலவை எத்தனை மாதம் தாங்கலாம் என்று முதலே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர் வேறு. அவர் பேசி வழிகாட்டுவார், மருந்து எழுதமாட்டார். தேவையென்று கண்டால் அவரே வைத்தியரிடம் அனுப்புவார்.

கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். மேல் டிவிஷனிலிருந்து விடியற்காலை இறங்கி, பஸ் பிடித்து, போய்ச் சேர்ந்த பிறகு "இன்னைக்கு கிளினிக் இல்ல" என்று கேட்பதைப் போல மனதை உடைப்பது வேறில்லை. அன்றைய பேரும், அதாவது ஒரு நாள் சம்பளமும், போயிருக்கும்.

என்ன கொண்டுபோவது

அடையாள அட்டை, முன்பு ஏதாவது வைத்தியசாலையில் கொடுத்த துண்டுகள், இப்போது குடிக்கிற எல்லா மருந்துகளும். எல்லா மருந்தும் என்றால் நாட்டு மருந்து, கடையில் வாங்கின நித்திரைக் குளிசை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த குளிசை எல்லாம்தான். பெயர் தெரியாவிட்டால் உறையோடு எடுத்துப் போங்கள்.

அதைவிட முக்கியமானது ஒரு தாள். முந்தின இரவு உட்கார்ந்து, எப்போது தொடங்கியது, அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது, இப்போது எது செய்ய முடியவில்லை என்று உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். திகதி தெரியாவிட்டால் "போன தீபாவளிக்கு முந்தி", "சின்னவன் அஞ்சாம் வகுப்புப் பரீட்சை எழுதின வருஷம்" என்று எழுதினாலும் போதும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். உள்ளே போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், மறந்துபோகும். தாள் மறக்காது.

அழகான நோய்ப் பெயர்களைத் தேடி எழுத வேண்டாம். "எனக்கு டிப்ரஷன்" என்ற ஒரு சொல் வைத்தியருக்குக் கொஞ்சம்தான் சொல்லும். "சோறு வாயில வச்சா மண்ணு மாதிரி இருக்கு, விடிய ரெண்டு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமில்ல, கொழுந்து மலையில நின்னுகிட்டு எதுக்கு வந்தோம்னு தெரியாம நிக்கிறேன்" என்பது மிக நிறையச் சொல்லும். இவை என் அம்மாவின் வார்த்தைகள். இதில் பசி இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, கவனம் இருக்கிறது. வைத்தியர் தேடுவதும் இவற்றைத்தான்.

உள்ளே கேட்கப்படுவது

முதல் சந்திப்பு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை போகலாம். கூட்டம் அதிகமான கிளினிக்கில் அதைவிடக் குறையும், மீதியை அடுத்தடுத்த தடவைகளில் கேட்பார்கள். சில இடங்களில் முதலில் ஒரு மிஸ்ஸியோ (தாதி) இளம் வைத்தியரோ விபரம் எழுதிக்கொண்ட பிறகுதான் விசேட வைத்தியர் பார்ப்பார். ஒரே கதையை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தால், உங்களை நம்பவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

"என்ன பிரச்சினைக்கு வந்தீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு அது எப்போது தொடங்கியது, நாள் முழுக்க இருக்கிறதா, காலையில் அதிகமா மாலையில் அதிகமா என்று போகும். "கடந்த ரெண்டு கிழமையா" என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். இரண்டு நாள் துக்கம் எல்லோருக்கும் வருவது. அது நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், இரண்டு கிழமைக்குக் குறையாமல் நீடித்தால்தான் மனச்சோர்வு நோய் என்ற பேச்சுக்கே வைத்தியர்கள் வருவார்கள்.

அதன் பிறகு கேள்விகள் அகலமாகும். உடம்பில் வேறு நோய் உண்டா, தலையில் எப்போதாவது அடிபட்டதா, வலிப்பு வந்ததா. குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள், எப்போது வேலைக்குப் போனீர்கள், கல்யாணம் எப்படி, வீட்டில் அடிதடி உண்டா, கடன் உண்டா. குடிப்பது எவ்வளவு, கசிப்பா கடைச் சாராயமா, வெற்றிலை, புகையிலை, வேறு ஏதாவது. சிலருக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது: "நான் தூக்கம் வரலன்னு வந்தா, என் மாமியாரைப் பத்தி எதுக்குக் கேக்கிறாரு?" தூக்கம் மாமியாரால் போயிருக்கலாம், கடனால் போயிருக்கலாம், தைரொய்டால் போயிருக்கலாம், குடியால் போயிருக்கலாம். நான்குக்கும் வைத்தியம் நான்கு விதம். அதனால்தான் கேட்கிறார். சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தால் "இதை இன்னொரு நாள் சொல்றேன்" என்று சொல்லலாம். பொய் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

"இந்த வருத்தத்துக்கு முந்தி நீங்க எப்படிப்பட்ட ஆள்?" என்றும் கேட்பார்கள். இதற்குக் கூட வந்தவர்தான் நல்ல பதில் சொல்லுவார். கலகலப்பாக இருந்தவர் வாய் திறக்காமல் இருப்பதும், இயல்பிலேயே அமைதியானவர் அமைதியாக இருப்பதும் ஒன்றல்ல.

யார் உங்களுக்காகப் பேசுகிறார்கள்

இதில்தான் மலையகத்தில் நாங்கள் அதிகம் தவறுகிறோம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, நோயாளிக்குச் சிங்களம் சரியாக வராது, நடுவில் ஒரு பிள்ளை நின்று மொழிபெயர்க்கும். அந்தப் பிள்ளையாக நான் நின்றிருக்கிறேன்.

அப்போது எனக்கு 15 வயது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு வைத்தியசாலையின் ஓ.பி.டி. வரிசை வாசல் வரை நின்றது. அம்மா சொன்னது இது: "நெஞ்சு பாரமா இருக்கும்மா. செத்துப் போயிட்டா நல்லாருக்கும்னு இருக்கு." நான் வைத்தியரைப் பார்த்து "பப்புவ ரிதெனவா" என்றேன். நெஞ்சு வலிக்கிறது என்று அதற்கு அர்த்தம். பாரம் வலியாகிவிட்டது. இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்லவேயில்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற ஒருத்தியின் அம்மா பின்னால் வரிசையில் நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இருதயம் நல்லாயிருக்கிறது என்றார்கள், வயிற்றுக்கு ஒரு குளிசை கொடுத்து அனுப்பினார்கள். கேட்ட நோய்க்கு அந்த வைத்தியர் சரியாகத்தான் பார்த்தார். அவர் காதில் விழுந்தது அம்மாவின் நோய் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் போனது.

எங்கள் தமிழில் நெஞ்சு என்பது இருதயமும்தான், மனசும்தான். "ஈரக்குலை நடுங்குது", "வயிறு எரியுது", "தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு" என்று நாங்கள் மனசின் வலியை உடம்பின் பெயரால் சொல்லி வளர்ந்தவர்கள். இன்னொரு மொழிக்குப் போகும்போது உடம்பு மட்டும் போகிறது, மனசு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. ஆகவே தமிழ் தெரிந்த மிஸ்ஸியோ வேறு உத்தியோகத்தரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். 1987இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. யாருமே இல்லையென்றால், கூட வருகிறவர் வயது வந்தவராக இருக்கட்டும். அவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்: சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளை இந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள். தாய் சாக நினைப்பதைத் தன் வாயால் இன்னொருவருக்குச் சொல்ல எந்தப் பிள்ளையாலும் முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மருமகளுக்காக மாமியார் பேசுவது, மனைவிக்காகப் புருஷன் பேசுவது. துன்பத்துக்குக் காரணமே பக்கத்தில் நிற்கிறவராக இருந்தால் அந்தப் பெண் எப்படி வாய் திறப்பாள்? நல்ல வைத்தியர்கள் இதைத் தெரிந்துதான் "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று கூட வந்தவரை அனுப்பிவிட்டு நோயாளியிடம் தனியாகப் பேசுவார்கள். அவர் அனுப்பாவிட்டால் நீங்களே கேட்கலாம்: "டொக்டர், நான் தனியா பேசணும்." வெளியே அனுப்பப்பட்ட வீட்டார் கோபிக்க வேண்டாம். உங்களையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்.

அவர் பார்த்துக்கொண்டும் இருக்கிறார்

பேச்சு நடக்கும்போதே இன்னொரு வேலையும் நடக்கிறது. நீங்கள் உள்ளே வந்த நடை, உடுத்திய விதம், கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்களா, பேச்சு வேகமா மெதுவா, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறதா, சொல்லும் விஷயத்துக்கும் முகத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்றெல்லாம் அவர் கவனிக்கிறார். இதற்காகப் புதுச் சேலை கட்ட வேண்டியதில்லை, சிரித்த முகமும் தேவையில்லை. வீட்டில் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே போங்கள்.

ஞாபகத்தையும் கவனத்தையும் பார்க்கச் சின்னச் சின்னக் கேள்விகள் உண்டு. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், மூன்று சொல் சொல்கிறேன் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்பது போல. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு போகச் சொல்வதும் வழக்கம். பள்ளிக்கூடம் போகாதவர்கள் இதைக் கேட்டு மிரண்டுவிடுவார்கள். படிப்புக்கு மார்க் போடுகிற பரீட்சையில்லை இது.

அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். நூறு, ஏழு என்றதும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த டொக்டரம்மா சிங்களவர், ஆனால் மலைநாட்டில் வேலை செய்து பழகியவர். பக்கத்தில் நின்ற தமிழ் மிஸ்ஸியிடம் ஏதோ சொன்னார். மிஸ்ஸி கேட்டார்: "அம்மா, காலையில ஏழு கிலோ, பகலைக்கு ஒம்போது, அந்திக்கு ஆறு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு ரெண்டு கிலோ கழிவு. எத்தனை கிலோ நிக்கும்?" அம்மா மடியில் விரலை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். "பதினாறு. பேருக்கு ரெண்டு கொறையும்" என்றார்.

கணக்கு சரி. ஆனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக் கொக்கியிலிருந்து சாக்கை இறக்குவதற்குள் கணக்குச் சொல்கிற அம்மாவுக்கு இதைச் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்ததை அன்றுதான் நான் பார்த்தேன். டொக்டரம்மாவும் பார்த்தார். பிறகு மிஸ்ஸி மூலம் எனக்கு விளக்கினார்: அறிவு அப்படியே இருக்கிறது, ஓட்டம்தான் மெதுவாகியிருக்கிறது, மனச்சோர்வு அப்படிச் செய்யும்.

சாமி, பேய், குரல்

"யாரும் இல்லாதப்போ குரல் கேக்குதா? மத்தவங்களுக்குத் தெரியாதது உங்க கண்ணுக்குத் தெரியுதா? யாராவது உங்களுக்குக் கெடுதல் செய்யப் பாக்கிறாங்களா?" இந்தக் கேள்விகள் அநேகமாக எல்லோரிடமும் கேட்கப்படும். உங்களைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

எங்கள் பக்கம் பலர் இங்கே வருவதற்கு முன் குறி சொல்லும் கோடாங்கியிடம் போயிருப்பார்கள், நூல் கட்டியிருப்பார்கள், செய்வினை எடுத்திருப்பார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. கையில் கட்டிய நூலை அவிழ்த்துவிட்டுப் போக வேண்டியதுமில்லை. காமன் கூத்தில் அருள் வந்து ஆடுகிறவரை எந்த வைத்தியரும் நோயாளி என்று எழுதமாட்டார். ஊரே சேர்ந்து நம்புகிற ஒன்று, அதற்குரிய நாளில், அதற்குரிய இடத்தில் வந்து, முடிந்ததும் ஆள் பழையபடி மலைக்கு வேலைக்குப் போய்விட்டால் அது வழிபாடு. திருவிழா முடிந்து மாதக்கணக்காகியும் ஒருவருக்கு மட்டும் குரல் ஓயாமல் கேட்டு, தூங்க விடாமல், சாப்பிட விடாமல் செய்தால் அது வேறு. இந்த வித்தியாசத்தை வைத்தியருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார்தான். "எங்க தோட்டத்துல இது வழக்கம்", "இது வழக்கமில்ல, புதுசா இருக்கு" என்ற இரண்டு வரி அவருக்குப் பெரிய உதவி.

கோயிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்வார்களோ என்ற பயமும் தேவையில்லை. கோயில் ஒரு பக்கம், குளிசை ஒரு பக்கம் போகட்டும். கோடாங்கி குளிசையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

கட்டாயம் கேட்கப்படும் கேள்வி

"வாழ்ந்தது போதும்னு தோணுதா? உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைச்சிருக்கீங்களா?"

இதை நேராகவே கேட்பார்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாய்த் தலையில் ஏறுமோ என்று வீட்டார் பதறுவார்கள். ஏறாது. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பது ஆராய்ந்து கண்ட விஷயம். பலருக்கு, கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டாரே என்று நெஞ்சு இறங்கும். அம்மாவிடம் மிஸ்ஸி இதைக் கேட்டபோது அவர் அழுதார். ஒன்றரை வருடத்துக்கு முன் நான் முழுங்கிய வாக்கியத்தை அவரே முழுசாகச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் பொலிஸுக்குப் போகுமோ என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. தற்கொலை முயற்சி முன்பு இந்நாட்டில் குற்றம்தான். 1998இல் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. சாக நினைத்ததற்காகவோ முயன்றதற்காகவோ இன்று யாரையும் தண்டிக்க முடியாது.

"ஆமா" என்று சொன்னால் அடுத்தடுத்துக் கேள்வி வரும்: எப்போதாவது வருகிற நினைப்பா, எப்போதுமா, திட்டம் ஏதாவது உண்டா, முன்பு முயன்றதுண்டா, வீட்டில் பூச்சிமருந்து, புல்லெண்ணெய் (களைக்கொல்லி), சேர்த்துவைத்த குளிசைகள் உண்டா. இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒருவர் சாக நினைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாவிட்டால் உயிர் தப்புகிறது. அதனால் வைத்தியர் சொன்னால் அன்றைக்கே அவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். குளிசைகளை வேறொருவர் பொறுப்பில் வைத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள்.

கிளினிக் நாள் வரை பொறுக்க முடியாத நிலை என்றால் பொறுக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துப் பேசலாம். உயிராபத்து என்றால் 1990 அம்பியூலன்ஸ், அதுவும் இலவசம். பக்கத்தில் உள்ள எந்த வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கும் நேரே போகலாம், கடிதம் தேவையில்லை.

இரத்தம் எதற்கு, குடி எதற்கு

மனசுக்கு வந்த இடத்தில் இரத்தம் எடுக்கச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். உடம்பு நோய் மனநோய் வேஷத்தில் வரும். தைரொய்டு குறைந்தால் சோர்வு, மறதி, துக்கம். இரத்தம் குறைந்தால் மேட்டில் ஏற முடியாத களைப்பு, எதிலும் பிடிப்பில்லாமை. தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தக் குறைவு எவ்வளவு சாதாரணம் என்பது உங்களுக்கே தெரியும். சில மருந்துகள் தொடங்குவதற்கு முன் ஈ.சி.ஜி.யும், ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளும் கேட்பார்கள்.

குடியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வருடமாகத் தினமும் குடித்தவர், கோயிலுக்கு மாலை போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துவார். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வேர்க்கும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், ஆட்களை மாற்றிச் சொல்லுவார், வலிப்பும் வரலாம். லயத்து வீடுகளில் எல்லோரும் பேய் என்பார்கள், மாலை போட்டதில் ஏதோ தீட்டு என்பார்கள். உடம்பு பழகிய சாராயம் திடீரென்று நின்றதால் வந்த ஆபத்து அது. உயிரே போகலாம். கிளினிக் நாள் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நிறுத்த விரும்புகிறவர் வைத்தியரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினால் இதற்கு மருந்து உண்டு. எவ்வளவு குடிக்கிறார் என்று வைத்தியர் கேட்கும்போது வெட்கப்பட்டுப் பாதியாகச் சொல்லாதீர்கள்.

கடைசியில்

பேசி முடித்ததும் வைத்தியர் தன் கருத்தைச் சொல்லுவார். நோய்க்குப் பெயர் அன்றைக்கே சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். சில நோய்கள் ஒரு சந்திப்பில் பிடிபடாது. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: என்ன நோய் என்று நினைக்கிறீர்கள், இந்தக் குளிசை எதற்கு, எத்தனை நாளில் குணம் தெரியும், என்ன பக்க விளைவு, எதற்கு உடனே திரும்பி வர வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசைகள் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு கிழமை, சில நேரம் அதற்கு மேலும் எடுக்கும். முதல் நாட்களில் வயிற்றுப் பிரட்டலும் தலைவலியும் மட்டும்தான் தெரியும். இந்த இடத்தில்தான் பலர் "இது ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் குணம் தெரிந்ததும் நிறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டும் கூடாது.

வார்டில் சேர்க்கச் சொல்வது எப்போது? உயிருக்கு ஆபத்து என்றால், சாப்பாடு தண்ணீர் இல்லை என்றால், தனக்கோ மற்றவருக்கோ கேடு செய்துவிடுவார் என்றால். அப்படிச் சொன்னாலும் எத்தனை நாள், யார் கூட நிற்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் உள்ளே பேசியதை வைத்தியர் தோட்ட ஒபீசுக்கோ, கங்காணிக்கோ, ஊருக்கோ சொல்லக்கூடாது. அது அவருடைய தொழில் ஒழுக்கம். உயிராபத்து இருந்தால் மட்டும் வீட்டாரிடம் பேசுவார். வேலைக்குக் கொடுக்கும் மருத்துவச் சான்றிதழில் என்ன எழுதுவார் என்ற கவலை இருந்தால், எழுதும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்த தடவைக்கும் ஒரு தாள் கொண்டுபோங்கள். தூக்கம், பசி, வேலை, மருந்தால் வந்த தொந்தரவு, இவ்வளவும் போதும். இரண்டாவது தடவை அம்மா தாளை என்னிடமிருந்து வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். டொக்டரம்மா எப்படி இருக்கிறது என்று கேட்டதும் நான் வாய் திறப்பதற்குள் அவரே மிஸ்ஸியைப் பார்த்துச் சொன்னார்: "சோத்துல உப்பு தெரியுதுங்க. தூக்கந்தான் இன்னும் ரெண்டு மணிக்கே கலைஞ்சி போகுது." டொக்டரம்மா இரண்டையும் கொப்பியில் எழுதினார். இரவுக் குளிசையின் அளவை மாற்றி, நாலு கிழமைக்குப் பிறகு ஒரு திகதி போட்டார்.